கூடாரத்தில் விளக்கு வைத்த நேரம்

நான்கு கோடைகாலமாக நான் எடுக்க முயன்று தவறவிட்டுக்கொண்டிருந்த படம் ஒன்று உண்டு. ஏரிக்கரையில் எங்கள் கூடாரம் உள்ளே விளக்கெரிய நிற்கவேண்டும். அதன் பின்னால் மரங்களின் உருவமும் தண்ணீரின் மினுக்கமும் இன்னும் கண்ணுக்குத் தெரியவேண்டும். வானம் கறுத்துப்போகாமல் நீலமாக இருக்கவேண்டும். கேட்பதற்கு எளிய ஆசைதான். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால், கரும்பலகையில் ஒட்டிவைத்த மஞ்சள் பொட்டைப்போலக் கூடாரம் மட்டும் தெரியும். மரமும் இல்லை, ஏரியும் இல்லை, நாங்கள் எங்கே போயிருந்தோம் என்பதற்கான தடயமும் இல்லை. வீட்டுப் பின்வளவில் கூடாரம் அடித்து எடுத்திருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும், பெற்றோல் காசாவது மிஞ்சியிருக்கும் என்று மனைவி ஒருமுறை சொன்னார். அது உண்மை என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

இந்த முறை கனடாவின் அல்கோன்குவின் மாகாணப் பூங்காவில், பொக் ஏரிக்கரையில், ஓகஸ்ட் 20ஆம் திகதியை ஒட்டி மூன்று இரவுகளுக்கு இடம் கிடைத்தது. கிடைத்தது என்று இலேசாகச் சொல்லிவிட முடியாது. ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் கூடாரம் அடிக்கும் இடங்களுக்கான முன்பதிவு ஐந்து மாதம் முன்னதாக, காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. மார்ச் மாதத்தில், வெளியே பனி குவிந்து கிடக்க, நானும் மனைவியும் ஆளுக்கொரு கணினியை வைத்துக்கொண்டு முகூர்த்தத்துக்குக் காத்திருப்பவர்களைப்போல ஏழு மணிக்காகக் காத்திருந்தோம். 1893இல் அமைக்கப்பட்ட, 7,600 சதுர கிலோமீற்றருக்கும் மேல் விரிந்த அந்தக் காட்டின் தென்பகுதியை 60ஆம் இலக்க நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் தூரத்துக்கு ஊடறுத்துச் செல்கிறது. ரொறொன்ரோவிலிருந்து ஹன்ஸ்வில் வழியாகப் போய் மேற்கு வாயிலுக்குள் நுழைந்தால், 14ஆவது கிலோமீற்றரில் கனூ ஏரி வரும். டொம் தொம்சன் என்ற ஓவியர் 1917 ஜூலையில் உயிர்விட்ட ஏரி அது. மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய மரப்பலகைகளில், வெளிச்சம் மாறுவதற்குள், அந்த இடத்திலேயே இருந்து எண்ணெய் வர்ணத்தால் தீட்டி முடிப்பது அவருடைய வழக்கம். பெரிய ஓவியங்களைக் குளிர்காலத்தில் ரொறொன்ரோவுக்கு வந்து அந்தப் பலகைகளைப் பார்த்து வரைந்தார். கமராவை வைத்துக்கொண்டே இவ்வளவு பதறுகிற எனக்கு, தூரிகையும் வர்ணமுமாக அதே ஏரிகளின் கரையில் பதறியிருக்கக்கூடிய ஒரு மனிதரின் நினைவு எப்போதும் ஆறுதலாக இருக்கும்.

எங்களுக்கு வாய்த்த இடம் 37ஆவது கிலோமீற்றருக்குப் பக்கத்தில், தண்ணீரிலிருந்து இருபதடி தள்ளி, கிழக்கே பார்த்தபடி இருந்தது. ஒரு மர மேசை, நெருப்பு மூட்டுவதற்கு ஓர் இரும்பு வளையம், நான்கைந்து பெரிய பைன் மரங்கள். ஆறு பேர் படுக்கக்கூடிய சாம்பல் நிறக் கூடாரத்தை அடித்து, மழைக்குப் பயந்து மேசைக்கு மேலே ஒரு படங்கையும் இழுத்துக் கட்டினோம். நாங்கள் முளை அறைந்துகொண்டிருந்த நேரத்தில் அம்மா இரண்டு பைன் மரங்களுக்கிடையில் கொடி கட்டி, தோய்த்த சீலையைக் காயப் போட்டுவிட்டார்.

அம்மா இந்தப் பயணங்களைக் "காம்ப்" என்று ஒருநாளும் சொல்வதில்லை. 1995 ஒக்ரோபர் முடிவில், யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளியேறிய சனத்தோடு நாங்களும் போனோம்; அதற்குப் பின் வந்த மாதங்களில் தறப்பாளுக்குக் கீழே படுத்தெழும்பியவருக்கு, முகாம் என்ற சொல் விடுமுறையோடு ஒட்டுவதில்லை. "காசு குடுத்துத் தறப்பாளுக்குள்ள படுக்கிற ஆக்கள் நாங்களாத்தான் இருக்கும்" என்று கூடாரம் அடிக்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "ஏரிக்குப் போறம்" என்பதுதான் அவருடைய வழக்கு. இப்போது பிள்ளைகளும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

முதல் நாள் மாலை வழக்கமான தவறையே செய்தேன். எட்டு மணி கழிந்து சில நிமிடங்களில் சூரியன் மறைந்தது. கோழி வாட்டி, இடியப்பத்தை மூங்கில் தட்டிலிருந்து எடுத்து, எல்லாரும் சாப்பிட்டு, கரடி வராதிருக்க மிச்சச் சாப்பாடு முழுவதையும் வாகனத்துக்குள் வைத்துப் பூட்டிய பின், ஆறுதலாக முக்காலியை விரித்தபோது ஒன்பதரை. கூடாரத்துக்குள் விளக்கைக் கொளுத்தினேன். கூடாரத்துக்குப் பொருத்தமான அளவில் எடுத்தால் ஏரி இல்லை. ஏரி தெரியட்டும் என்று கமராவின் ஒளிமூடியை இருபது வினாடி திறந்து வைத்தால் கூடாரம் வெந்து வெள்ளையாகிவிட்டது. இரண்டையும் கணினியில் வைத்து ஒட்டிச் சேர்க்கலாம், பலர் செய்கிறார்கள், எனக்கு அதில் மனம் இல்லை. கண்ணால் காணாத ஒரு பொழுதைப் படத்தில் உண்டாக்கிவிட்டு, நான் அங்கே இருந்தேன் என்று யாருக்குச் சொல்வது?

இதில் உள்ள கணக்கு அப்படியொன்றும் சிக்கலானதல்ல. சூரியன் மறையும் வேளையில் திறந்த வெளியில் விழும் வெளிச்சம், அதை அளக்கும் அலகில், ஏறத்தாழ 400 லக்ஸ். சூரியன் அடிவானுக்கு ஆறு பாகை கீழே இறங்கும்போது, அதாவது வானியலார் குடிசார் அந்தி என்று வரையறுத்திருக்கும் பொழுது முடியும்போது, அது மூன்றரை லக்ஸ் அளவுக்கு வந்துவிடுகிறது. நூறு மடங்குக்கும் மேலான அந்தக் குறைவைக் கமராக் கணக்கில் ஏழு படிகள் எனலாம். ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகிறது. ஓகஸ்ட் நடுப்பகுதி கழிந்த நாட்களில் அல்கோன்குவினில் இந்த இறக்கத்துக்கு ஏறத்தாழ 32 நிமிடம் எடுக்கிறது. ஆகவே நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிக்கொண்டு போகும். யாழ்ப்பாணத்தில் அதே நாளில் சூரியன் செங்குத்தாகவே இறங்குவதால் எல்லாம் 22 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்; ஊரில் இருட்டு விழுகிறது என்று சொல்வது அதனால்தான் போலும், இங்கே அது விழுவதில்லை, கசிகிறது. ஆனால் கூடாரத்துக்குள் இருக்கும் விளக்கு எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் ஒரே அளவில்தான் எரிகிறது. விளக்கு நின்ற இடத்தில் நிற்க, வானம் மெல்ல மெல்ல இறங்கி வந்து அதனோடு ஒரே மட்டத்தில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது ஐந்தாறு நிமிடம்தான் நீடிக்கும். அதற்குப் பிறகு எந்த விலை கொடுத்து வாங்கிய கமராவாலும் பயனில்லை.

அம்மம்மாவிடம் இந்த நேரத்துக்கு இரண்டு சொற்கள் இருந்தன. மேற்கே சிவப்பு நிற்கும்வரை செக்கல். சிவப்பு வடிந்து, ஒழுங்கையில் வருவது ஆள் என்று தெரிந்தும் இன்னார் என்று தெரியாத நேரம் மைம்மல். புகைப்படக்காரர்கள் பொன் நேரம், நீல நேரம் என்று பிரித்துப் பேசுவதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்தபோது, இதை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. செக்கலில் வானம் விளக்கை விழுங்கிவிடும். மைம்மல் முற்றிவிட்டால் விளக்கு வானத்தை விழுங்கிவிடும். நான் தேடிய படம், செக்கல் போய் மைம்மல் வந்து ஊன்றும் அந்த இடைவெளியில் இருந்தது.

இரண்டாம் நாள் மாலை நான் ஏழரைக்கே முக்காலியை நிறுத்திவிட்டேன். பிறகு, படத்துக்குள் விழக்கூடாதவை என்று எனக்குப் பட்டவற்றை ஒவ்வொன்றாக அகற்றத் தொடங்கினேன்: கூலர் பெட்டி, நீலத் தண்ணீர்க் கான், வாசலில் கிடந்த ஐந்து சோடி செருப்பு, கொடியில் கிடந்த சீலை. இதில் மும்முரமாக இருந்தபடியால் சூரியன் மறைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அம்மா பின்னால் வந்து நின்று, "தம்பி, விளக்கு வைக்கிற நேரத்தில இப்பிடி இருட்டாக் கிடக்கலாமே? செக்கல் படமுந்தி ஒரு வெளிச்சத்தைப் போடு" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் அம்மா என்றேன். அவர் காத்திருக்கவில்லை. தானே குனிந்து கூடாரத்துக்குள் போய் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு, உள்ளே படுத்திருந்த மகனையும், இந்த நேரத்தில் படுக்கக்கூடாது என்று எழுப்பி வெளியே கூட்டிவந்தார்.

அப்போது விளக்கு எரிவதே வெளியில் தெரியவில்லை. சாம்பல் நிறத் துணி சாம்பல் நிறமாகவே இருந்தது. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கே, எதிர்க்கரைக் காட்டுக்கு மேலே, கருநீலப் பட்டை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே மங்கலான இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை. கீழே இருப்பது வளிமண்டலத்தின்மேல் விழும் பூமியின் நிழல். மேலே இருக்கும் சிவப்பை மேலைநாட்டார் வீனஸின் ஒட்டியாணம் என்கிறார்கள். எல்லாரும் மேற்கைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதைப் பலர் காண்பதில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒட்டியாணம் கரைந்து, நிழல் வானம் முழுவதும் பரவியபோது திரும்பிப் பார்த்தேன். கூடாரம் உள்ளிருந்து தேன் நிறமாக ஊறத் தொடங்கியிருந்தது. நான்கு ஆண்டுகளாக நான் விளக்கைக் கொளுத்திய நேரத்துக்கும், அம்மா கொளுத்திய நேரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியால வித்தியாசம். என்னுடைய தவறு முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

விளக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். கூடாரத்துக்குள் வைக்கும் எல்.ஈ.டி. விளக்குகள் இந்த வேலைக்கு மிகப் பிரகாசமானவை. ஆகக் குறைந்த அளவில் வைத்தாலும் துணியில் ஒரு வெள்ளைப் புண்போல ஓர் இடம் மட்டும் எரிந்து தெரியும். என்னுடைய பழைய நாலுமுழ வேட்டியை இரண்டாக மடித்து விளக்கின்மேல் போட்டேன். அதுவும் போதாமல், வெளிச்சம் கூடாரம் முழுவதும் பரவுவதற்காக, நெற்றியில் கட்டும் சிறிய விளக்கைத் தண்ணீர் நிறைந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் கானில் உட்பக்கம் பார்க்கக் கட்டி இன்னொரு மூலையில் வைத்தேன். கான் முழுவதும் ஒளிர்ந்து, பெரிய விளக்குக் குமிழைப்போல ஆகிவிடும். எல்.ஈ.டி. அதிகம் சுடாது என்பதால்தான் துணியால் மூட முடிகிறது. எரிவாயு விளக்கையோ மெழுகுதிரியையோ கூடாரத்துக்குள் வைக்க நினைப்பதே தவறு. நெருப்பும் நச்சுக்காற்றும் படத்துக்காகப் பார்த்துக்கொண்டு நிற்கா.

கமராவில் செய்ய வேண்டியது குறைவு. வில்லைத் துவாரம் எஃப் 5.6, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 400. குவியத்தைக் கூடாரத்தின் விளிம்பில், வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் மைம்மலில் வில்லை முன்னும் பின்னும் அலைந்து தேடிக்கொண்டேயிருக்கும். கையால் தொட்டால் அதிரும் என்பதால் இரண்டு வினாடி தாமதத்தில் எடுக்கவேண்டும். சூரியன் மறைந்து ஏறத்தாழ இருபது நிமிடத்தில், ஒரு வினாடி திறந்தபோது, வானமும் கூடாரமும் ஒன்றையொன்று அமுக்காமல் வந்தன. நிறத்தில்தான் நான் இன்னும் தடுமாறுகிறேன். கமராவைத் தானாகத் தீர்மானிக்க விட்டால், நீலத்தைப் பிழை என்று நினைத்துத் திருத்தி, எல்லாவற்றையும் சப்பென்று ஆக்கிவிடும். எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் கொள்வது என்று கமராவுக்குச் சொல்லும் வெண்சமநிலையை 4,000 கெல்வினில் கையால் நிறுத்தினேன். விளக்கின் மஞ்சளும் வானத்தின் நீலமும் இரண்டுமே கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தத்தம் நிறத்தில் நின்றன.

அந்த நீலம் பகல் வானத்தின் நீலம் அல்ல என்பது எனக்கு அண்மையில்தான் தெரியவந்தது. பகலில், காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிதறடிப்பதால் வானம் நீலம். சூரியன் அடிவானுக்குக் கீழே போனபின் அந்தக் காரணம் மட்டும் போதாது. வெறும் காற்றை வைத்துக் கணக்கிட்டால் தலைக்கு மேலுள்ள வானம் மங்கிய மஞ்சளாகவோ சாம்பலாகவோ இருந்திருக்கவேண்டும். அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் ஹல்பேர்ட் 1953இல் இதை விளக்கினார். சாய்வாக வரும் ஒளி ஓசோன் படலத்துக்குள் நெடுந்தூரம் ஊடுருவி வரவேண்டியிருக்கிறது. வரும் வழியில் ஓசோன் மஞ்சளையும் செம்மஞ்சளையும் சிவப்பையும் உறிஞ்சிவிட, நீலம் எஞ்சுகிறது. தோல் எரியாமல் காக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்த அந்தப் படலம்தான் மைம்மலுக்கு மையும் தீட்டுகிறது.

ஒரு வினாடி என்பது கமராவுக்குச் சிறிது. எட்டு வயதுப் பையனுக்கு மிக நீண்டது. மேசையடியில் அப்பம்மாவுக்குப் பக்கத்தில் அசையாமல் இரு என்று சொன்னால், மூச்சை அடக்கிக்கொண்டு, சரியாக மூடி திறக்கும் கணத்தில் திரும்பிப் பார்ப்பான். ஏழு படங்களில் அவன் தலையில்லாத சட்டையாக இருக்கிறான். பதின்மூன்று வயது மகளோ தொலைபேசியை நீட்டி, கையில் வைத்தபடியே ஒரு படம் எடுத்து, "அப்பா, என்னுடையது உங்களுடையதைவிட வடிவாக வந்திருக்கிறது" என்றாள். 2018, 2019 ஆண்டுகளில் கூகுளும் ஆப்பிளும் கொண்டுவந்த இரவுமுறை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்கி, கை நடுக்கத்தையும் சரிசெய்துவிடுகிறது. மகள் எடுத்த படத்தில் எல்லாம் தெரிந்தது. பைன் ஊசிகள்கூடத் தெரிந்தன. நாலு மணிக்கு எடுத்ததைப்போல இருந்தது என்பதுதான் என் மனக்குறை. ஆனால் அதில் மகனின் தலை இருந்தது. அந்த வகையில் அவளுடையதுதான் நல்ல படம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரவு என்னுடைய படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிச்சம் சரி. நிறம் சரி. ஆனால் கூடாரம் விற்கும் கடையின் விளம்பரத் தாளைப்போல இருந்தது. செருப்பு இல்லாத வாசல், பெட்டி இல்லாத மேசை. யாரும் வந்து தங்காத இடம். மூன்றாம் நாள் எதையும் எடுத்து வைக்கவில்லை. கூலர் பெட்டி மூடி திறந்தபடி கிடந்தது. மேசையில் சுடுதண்ணிப் போத்தலும், இஞ்சித் தேநீர் குடித்த கோப்பைகளும். நெருப்பு தணிந்து தணலாகியிருந்தது. ஒரு வினாடியில் சுவாலை மஞ்சள் புகையாகக் கரைந்துபோகும், தணல் அப்படியே நிற்கும் என்பதை இரண்டாம் நாளே கண்டிருந்தேன். அம்மா சொல்லாமலே சூரியன் மறைய முன்னர் விளக்கைக் கொளுத்தினேன். அவர் ஒன்றும் பேசவில்லை; ஒருமுறை பார்த்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டார். ஏரியில் லூன் பறவை ஒன்று நீளமாகக் கூப்பிட்டது. கனடாவின் ஒரு டொலர்க் குற்றியில் 1987 முதல் இருக்கும் பறவைதான். ஆனால் அதன் குரலைக் கேட்பவர்களுக்குக் காசின் ஞாபகம் வராது.

கமரா கொண்டுபோகிறவர்களுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓகஸ்ட் முடிவில் நுளம்புத் தொல்லை குறைவு. ஜூனில் போனால் மைம்மலில்தான் அவை படையெடுக்கும். முன்பொருமுறை டீட் கலந்த நுளம்பு மருந்தைக் கையில் பூசிக்கொண்டு கமராவைப் பிடித்ததில், பிடியின் இறப்பர் பிசுபிசுத்து, என் பெருவிரல் அடையாளம் இன்றுவரை அதில் பதிந்திருக்கிறது. டீட் பிளாஸ்ரிக்கையும் செயற்கை இறப்பரையும் கரைக்கும். இப்போது ஐகாரிடின் கலந்ததையே வாங்குகிறேன், பூசியபின் உள்ளங்கையையும் கழுவிவிடுகிறேன். இன்னொன்று, ஏரிக்கரையில் இருட்டியதும் பனி இறங்கி வில்லையின்மேல் படியும். துடைக்க ஒரு பருத்தித் துணி சட்டைப்பையில் இருக்கவேண்டும். அன்று எட்டரைக்கு மேல் எடுத்த படங்களில் பாதி மங்கலாக இருப்பது கலையுணர்ச்சியால் அல்ல.

அன்றைக்கு எடுத்த பதினெட்டுப் படங்களில் ஒன்றில் எல்லாம் அமைந்தது. நீலம் தண்ணீரிலும் இருந்தது. கூடாரத்தின் துணியில் உள்ளே உடை மாற்றும் மனைவியின் நிழல் விழுந்துவிட்டதோ என்று பதறிப் பார்த்தேன், தலையணைக் குவியல்தான். மகன் அசையவில்லை, ஏனென்றால் அப்பம்மாவின் மடியில் தூங்கிப்போயிருந்தான். விளக்கு வைத்த நேரத்தில் தூங்கியதை அவர் இந்த முறை கண்டுகொள்ளவில்லை. கமராவின் சிறிய திரையை அம்மாவிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். வானத்தைப் பற்றியோ கூடாரத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

"சீலை இன்னும் கொடியில கிடக்குது தம்பி. பனியில நனைஞ்சிருக்கும், போய் எடு."

ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு போனேன். சீலையின் கரைப்பக்கம் முழுவதும் ஈரமாகித்தான் இருந்தது.